“இது எனக்கும் பொருந்துமா, மாப்ள?” – ஓட்டுநர் தீர்ப்பு ஒன்றை வாசித்த குறிப்புகள்

2025 ஆகஸ்ட் முதல் வாரத்தில் தென்னேரியிலிருந்து மாமா ஒரு செய்தித் துணுக்கை வாட்ஸப்பில் அனுப்பியிருந்தார். நிறக்குருடு என்று வீட்டுக்கு அனுப்பப்பட்ட அரசு பஸ் டிரைவருக்கு மாற்று வேலை கொடுக்கச் சொல்லி உச்சநீதிமன்றம் தீர்ப்பு. கூடவே ஒரு குரல் பதிவு: “மாப்ள, அத்தை படிச்சுக் காட்டினா. இது எனக்கும் பொருந்துமா? கொஞ்சம் பார்த்துச் சொல்லு.”

படித்துப் பார்த்தேன். அந்தத் தீர்ப்பை மட்டும் இல்லை, அது நிற்கிற படிக்கட்டு முழுவதையும். பதில் சொல்ல எனக்கு மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரக் குறிப்புகள்தான் இந்தப் பதிவு. நான் வக்கீல் இல்லை. தீர்ப்புகளைக் கட்டுரை படிப்பதுபோலப் படிப்பவன். அந்த அளவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் மாமாவைப் பற்றிக் கொஞ்சம். தென்னேரி என்றால் காஞ்சிபுரம் மாவட்டத்துக்காரர்களுக்கு முதலில் ஏரிதான் ஞாபகம் வரும். திரையன் ஏரி என்ற பழம்பெயர்தான் தென்னேரி ஆயிற்று என்பார்கள். இந்தப் பக்கத்தில் ஒரு காலத்தில் வேலை என்றால் வயல், தறி இரண்டுதான். ஒரகடமும் ஸ்ரீபெரும்புதூரும் தொழிற்சாலைகளாக மாறியபின் மூன்றாவதாக ஒரு வேலை வந்தது: ஸ்டாஃப் பஸ் ஓட்டுவது. விடியற்காலை நாலு மணிக்கு ஷெட்டிலிருந்து வண்டியை எடுத்து, ஊர் ஊராக ஆள் ஏற்றி, முதல் ஷிப்டுக்குக் கொண்டுபோய் விட வேண்டும். மாமா பதினாலு வருஷம் இதைச் செய்தார். தொழிற்சாலைக்கு அவர் வேலைக்காரர் இல்லை, வண்டி விடும் கான்ட்ராக்டருக்கு வேலைக்காரர். சம்பளம் பாதி, பேட்டா பாதி.

சர்க்கரை கண்ணுக்குப் போய்விட்டது. லேசர் வைத்தும் ஒரு கண் பாதிக்குமேல் தேறவில்லை. லைசென்ஸ் புதுப்பிக்கிற நேரத்தில் டாக்டர் மருத்துவச் சான்றில் கையெழுத்துப் போட மறுத்தார். மறுத்தது சரிதான், மாமாவே அப்படித்தான் சொல்கிறார்: “நாப்பது புள்ளைங்க பின்னாடி உக்காந்திருக்கும்டா. நானே ஓட்ட மாட்டேன்.” கான்ட்ராக்டர் ஒரு கவரில் முப்பதாயிரம் வைத்துக் கொடுத்து, கண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார். நீக்கக் கடிதம் இல்லை, கணக்கு இல்லை. அதே மாதம் ஷெட்டில் டிரிப் ஷீட் எழுத ஒரு பையனை வேலைக்கு எடுத்தார்கள். மாமாவுக்குக் கோபம் வந்தது அந்த இடத்தில்தான். “எனக்கு ஒரு கண்ணு போச்சு. பேனா புடிக்கத் தெரியாமலா போச்சு?”

இந்தக் கேள்வியோடு தீர்ப்புக்குப் போவோம்.

தீர்ப்பு என்ன சொல்கிறது

ஜோசப் எதிர் தெலங்கானா மாநிலச் சாலைப் போக்குவரத்துக் கழகம். தீர்ப்பு நாள் 2025 ஆகஸ்ட் 1. நீதிபதிகள் ஜே.கே. மகேஸ்வரி, அரவிந்த் குமார். மனுதாரர் 2014இல் டிரைவராகச் சேர்ந்தவர். வழக்கமான மருத்துவப் பரிசோதனையில் நிறக்குறைபாடு இருப்பது தெரிந்தது. வேறு வேலை கேட்டார். நிறக்குருட்டுக்கு மாற்று வேலை தர வழியில்லை என்று சொல்லி, 2016 ஜனவரி 6 அன்று மருத்துவக் காரணத்தின்பேரில் ஓய்வு கொடுத்துவிட்டார்கள். உயர்நீதிமன்ற டிவிஷன் பெஞ்ச் கழகத்தின் பக்கம் நின்றது. உச்சநீதிமன்றம் அதை மாற்றியது. அவர் உடல்நிலைக்கு ஏற்ற வேலை, முன்பு வாங்கிய அதே சம்பள நிலையில், எட்டு வாரத்துக்குள் தர வேண்டும். இடைப்பட்ட காலம் தொடர் பணியாகக் கணக்காகும். நிலுவைச் சம்பளத்தில் 25 சதவீதம் கிடைக்கும்.

தீர்ப்பின் தொனி நன்றாக இருக்கிறது. மாற்று வேலை என்பது கருணை இல்லை. வேலை இருக்கிறதா என்று தேடிப் பார்ப்பது நிர்வாகத்தின் கடமை. தேடாமலே ‘இல்லை’ என்று சொல்லி ஒருவரை வெளியே அனுப்பினால் அது அவருடைய வாழ்வாதாரத்தின் மேல் கைவைப்பது. பத்திரிகைகள் எடுத்துப் போட்டதும் இந்தப் பகுதியைத்தான். அத்தை மாமாவுக்குப் படித்துக் காட்டியதும் இதுவாகத்தான் இருக்கும்.

ஆனால் தொனியை நம்பி ஏமாறக் கூடாது. தீர்ப்பின் முதுகெலும்பு எது என்று பார்க்க வேண்டும். இந்தத் தீர்ப்புக்கு முதுகெலும்பு 1979 டிசம்பரில் தொழிற்சங்கமும் அன்றைய ஆந்திரப் போக்குவரத்துக் கழகமும் போட்ட ஓர் ஒப்பந்தம். அதில் 14ஆவது ஷரத்து: நிறக்குருடு என்று கண்டறியப்படும் டிரைவருக்குச் சம்பளம் குறையாமல் மாற்று வேலை. பின்னால் வந்த ஒப்பந்தம் அதை அழித்துவிட்டது என்று கழகம் வாதாடியது. இல்லை, அது இன்னும் உயிரோடுதான் இருக்கிறது, கட்டுப்படுத்தும் என்றது நீதிமன்றம்.

அதாவது, நாற்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால் யாரோ சில சங்கத் தலைவர்கள் ஒரு மேஜையில் உட்கார்ந்து, நம்ம டிரைவருக்கு நிறம் தெரியாமல் போனால் என்ன செய்வது என்று யோசித்து ஒரு வரி எழுதிவைத்ததால் ஜோசப் ஜெயித்தார். அந்த வரி இல்லாத இடத்தில் இந்தத் தீர்ப்பின் நல்ல வார்த்தைகள் எவ்வளவு தூரம் வரும்? என் முதல் குறை இது. அடித்தளம் ஒப்பந்தம், மேலே கட்டியிருப்பது அரசியலமைப்பு. மேல்மாடியை மட்டும் பார்த்துவிட்டு நாம் கைதட்டுகிறோம்.

இரண்டாவது குறை அந்த 25 சதவீதம். தவறு கழகத்துடையது என்று நீதிமன்றமே சொல்கிறது. 2016 முதல் 2025 வரை ஒன்பது வருஷத்துக்குமேல். அந்தக் காலத்துச் சம்பளத்தில் முக்கால் பங்கை டிரைவர் இழக்கிறார். வேலை செய்யாத காலத்துக்கு முழுச் சம்பளம் தராமல் இருப்பது நீதிமன்றங்களில் சாதாரணம்தான். ஆனால் இங்கே அவர் வேலை செய்ய மறுக்கவில்லையே, வேலை கேட்டுக்கொண்டே இருந்தார். தாமதத்தின் செலவில் பெரும்பங்கு தொழிலாளியின் தலையில் விழும் என்றால், வழக்கை இழுத்தடிப்பது நிர்வாகத்துக்கு லாபம் என்றாகிவிடுகிறது.

இதற்கு முன் வந்த படிகள்

இந்தக் கேள்வி புதிதில்லை. 1990களின் தொடக்கத்தில் ராஜஸ்தான் சாலைப் போக்குவரத்துக் கழகத்து டிரைவர்கள், பார்வை மங்கியதால் நீக்கப்பட்டவர்கள், உச்சநீதிமன்றத்துக்கு வந்தார்கள். ஆனந்த் பிஹாரி வழக்கு. இவர்களை பஸ் ஓட்ட விட முடியாது என்பதை நீதிமன்றம் ஒத்துக்கொண்டது. தொடர் உடல்நலக் குறைவால் வந்த நீக்கம் என்பதால் இது ஆட்குறைப்பு ஆகாது என்றும் சொன்னது. சட்டப்படி கதை அங்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால் கண் கெட்டதில் தொழிலுக்குப் பங்கு இருக்கிறது என்பதை நீதிபதிகள் கவனித்தார்கள். அதனால் கிடைக்கிற மாற்று வேலையைக் கொடுங்கள், இல்லாவிட்டால் சர்வீஸைப் பொறுத்துக் கூடுதல் இழப்பீடு கொடுங்கள் என்று ஓர் அட்டவணையே போட்டுக் கொடுத்தார்கள். சட்டத்தில் இல்லாததை நியாயத்திலிருந்து எடுத்த தீர்ப்பு. எனக்கு இன்றைக்கும் ஜோசப் தீர்ப்பைவிட இது பிடித்திருக்கிறது. காரணம், அதற்குப் பின்னால் சாய்ந்துகொள்ள எந்த ஒப்பந்தமும் இல்லை.

அப்புறம் 1995ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் வந்தது. அதன் 47ஆம் பிரிவைச் சுருக்கமாகச் சொன்னால்: பணியில் இருக்கும்போது ஊனம் ஏற்பட்டவரை நீக்கவும் கூடாது, பதவி இறக்கவும் கூடாது. பழைய வேலை முடியாவிட்டால் அதே சம்பளத்தில் வேறு வேலை. அதுவும் இல்லையென்றால், வேலை கிடைக்கும்வரை அல்லது ஓய்வு வயதுவரை, கூடுதல் பணியிடம் ஒன்றை உருவாக்கி அதில் வைத்துக்கொள்ள வேண்டும். ‘இடமில்லை’ என்ற பதிலுக்கே இடமில்லை. 2003இல் குணால் சிங் வழக்கில் உச்சநீதிமன்றம் இதை உறுதிப்படுத்தியது. கால் இழந்த காவலர் அவர். ஊனமுற்றோர் ஓய்வூதியம் தந்துவிட்டோம் என்ற வாதம் எடுபடவில்லை.

நம்ம ஊர்ப் பங்கும் இதில் உண்டு. 2006இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் முன் ஜி. முத்து எதிர் தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம் (மதுரை) வழக்கு. அங்கேயும் டிரைவர், அங்கேயும் நிறக்குறைபாடு. சட்டத்தின் பட்டியலில் நிறக்குருடு இல்லை. இல்லாவிட்டாலும் 47ஆம் பிரிவின் பாதுகாப்பை மறுக்க முடியாது என்றது நீதிமன்றம். உச்சநீதிமன்றம் 2025இல் ஒரு பழைய ஒப்பந்தத்தைப் பிடித்துக்கொண்டு ஏறிய படியை, சென்னை உயர்நீதிமன்றம் பத்தொன்பது வருஷம் முன்னால் சட்டத்தின் நோக்கத்தைப் பிடித்துக்கொண்டு ஏறிவிட்டது.

ஒரு சொல் செய்த வேலை

இவ்வளவு நல்ல வரலாறு இருந்தும் மாமாவுக்கு ஏன் நான் உடனே பதில் சொல்லவில்லை? இங்கேதான் சிக்கல்.

1995 சட்டத்தில் ‘நிறுவனம்’ என்ற சொல்லுக்கு விளக்கமே அரசுத் துறைகள், அரசு கட்டுப்பாட்டில் உள்ள அமைப்புகள், உள்ளாட்சிகள் என்றுதான் இருந்தது. தனியார் அப்போதே வெளியே. 2016இல் புதுச் சட்டம் எழுதினார்கள், 2017 ஏப்ரலில் அமலுக்கு வந்தது. ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா 2007இல் ஏற்றுக்கொண்டதன் தொடர்ச்சி அது. அந்த உடன்படிக்கையின் 27ஆம் பிரிவு வேலையில் இருக்கும்போது ஊனம் ஏற்பட்டவர்களையும் பெயர் சொல்லிச் சேர்க்கிறது, வேலைக்குத் திரும்ப உதவும் திட்டங்களைப் பற்றிப் பேசுகிறது, அரசு வேலை தனியார் வேலை என்று கோடு போடவில்லை.

புதுச் சட்டத்தில் ‘நிறுவனம்’ என்ற சொல்லின் விளக்கத்தை விரித்து, தனியாரையும் உள்ளே கொண்டுவந்தார்கள். படிக்கும்போது சந்தோஷமாக இருந்தது. அப்படியே 20ஆம் பிரிவுக்கு வந்தால், பழைய 47 அங்கே 20(4) என்று இருக்கிறது. கிட்டத்தட்ட அதே வாசகம். ஆனால் ‘நிறுவனம்’ என்று இருந்த இடத்தில் ‘அரசு நிறுவனம்’ என்று இருக்கிறது. நியாயமான வசதிகளைச் செய்து தர வேண்டும் என்கிற 20(2)உம் அப்படியே. முன்வாசல் வழியாக உள்ளே விட்ட தனியாரைப் பின்வாசல் வழியாக வெளியே அனுப்பிவிட்டார்கள். அதற்கு ஒரே ஒரு சொல் போதுமானதாக இருந்தது.

தனியாருக்கு மிஞ்சியது என்ன? சமவாய்ப்புக் கொள்கை ஒன்றை எழுதி வெளியிட வேண்டும் என்கிற 21ஆம் பிரிவு. ஊனத்தின் காரணமாகப் பாகுபாடு காட்டக் கூடாது என்கிற 3ஆம் பிரிவு. நியாயமான வசதியை மறுப்பதும் பாகுபாடுதான் என்று இதே சட்டத்தின் விளக்கப் பகுதி சொல்கிறது. இந்த இரண்டையும் சேர்த்துப் பிடித்துத் தனியார் முதலாளிமேல் வாதாட முடியும். வாதாடலாம் என்பதும் உரிமை இருக்கிறது என்பதும் ஒன்றில்லை. நீக்கக் கடிதமே இல்லாத ஸ்டாஃப் பஸ் டிரைவர் எந்தக் காகிதத்தை வைத்து வாதாடுவார்?

இழப்பீட்டுச் சட்டம் சொல்லும் வேறு கதை

இன்னொரு பக்கத்தையும் பார்த்துவிடுவோம். டிரைவருக்கு விபத்தில் கையோ காலோ போனால் சட்டம் தாராளமாகவே கணக்குப் போடுகிறது. 2010இல் ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் உச்சநீதிமன்றம் ஓர் உதாரணம் சொன்னது. இடது கை போனால் உடலளவில் ஊனம் 60 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அவர் டிரைவராகவோ தச்சராகவோ இருந்தால் சம்பாதிக்கும் திறன் ஏறக்குறைய முழுசாகவே போய்விட்டது. அரசு கிளார்க்காக இருந்தால் வேலையே போகாமல் இருக்கலாம். 2008இல் கால் இழந்த டேங்கர் லாரி டிரைவர் ஒருவருக்கும் 100 சதவீத இழப்பு என்றே தீர்ப்பானது.

தொகை கூடுகிறது என்பதால் இதைக் குறை சொல்ல மனம் வராது. ஆனாலும் இதன் அடியில் இருக்கிற எண்ணத்தைக் கவனியுங்கள். ஸ்டியரிங் பிடிக்க முடியாத டிரைவரால் வேறு எதுவும் முடியாது என்பது அந்த எண்ணம். அரசு பஸ் டிரைவருக்கு ‘வேறு வேலை தேடிக் கொடு’ என்கிற அதே நீதிமன்றம், தனியார் டிரைவருக்கு ‘இவர் கதை முடிந்தது, தொகையைக் கொடு’ என்கிறது. இரண்டு பேருக்கும் ஒரே பேட்ஜ், ஒரே சாலை.

மாமா விஷயத்தில் அந்தத் தொகையும் இல்லை. தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் 1923இல் வந்தது, இப்போது 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்புக்குள் போயிருக்கிறது. அது கேட்கிற முதல் கேள்வி, வேலையால் வந்த விபத்தா என்பது. சர்க்கரை விபத்து இல்லை. தூக்கமில்லாத பதினாலு வருஷம், நேரத்துக்குச் சாப்பிடாத பதினாலு வருஷம் என்பதெல்லாம் எந்தப் பட்டியலிலும் வராது. இ.எஸ்.ஐ. இருந்திருந்தால் நோய்க்கால உதவித்தொகை வந்திருக்கும். அதைவிட முக்கியம், அந்தத் தொகை வாங்கும் காலத்தில் வேலையிலிருந்து நீக்கக் கூடாது என்று இ.எஸ்.ஐ. சட்டத்தின் 73ஆம் பிரிவு சொன்னது. தனியார் தொழிலாளிக்கு ‘திரும்பி வரலாம்’ என்று சொல்கிற மிகச் சில இடங்களில் அது ஒன்று. மாமாவுக்கு இ.எஸ்.ஐ. பிடிக்கவே இல்லை. ஓட்டுநர்களுக்கு நல வாரியம் இருக்கிறது. அது உதவித்தொகை தரும், வேலை தராது.

பாதுகாப்பு என்ற பதில்

இதை எழுதும்போது ஒரு நண்பர் கேட்டார்: “கண் தெரியாதவங்ககிட்ட பஸ்ஸைக் குடுக்கச் சொல்றியா?” இல்லை. ஆனந்த் பிஹாரியிலிருந்து ஜோசப் வரை எந்தத் தீர்ப்பும் அப்படிச் சொல்லவில்லை. எந்தக் குறை வண்டி ஓட்டுவதைத் தடுக்கும் என்பதேகூட மாறிக்கொண்டிருக்கிறது. 2020 ஜூனில் மத்திய அரசு லைசென்ஸ் படிவங்களைத் திருத்தி, லேசான, நடுத்தர நிறக்குறைபாடு உள்ளவர்களுக்கு வழிவிட்டது. ஆனால் கேள்வி ஸ்டியரிங்கைப் பற்றியது இல்லை. ஸ்டியரிங்கிலிருந்து எழுந்த பிறகு உட்கார வேறு நாற்காலி உண்டா என்பதுதான் கேள்வி.

உண்டு என்பது ஷெட்டில் நின்றவர்களுக்குத் தெரியும். டிரிப் ஷீட், டைம் கீப்பிங், எஃப்.சி.க்குப் போகும் வண்டிகளைக் கவனிப்பது, புது டிரைவருக்கு ரூட் காட்டுவது, ஜி.பி.எஸ். திரையைப் பார்த்து எந்த வண்டி எங்கே என்று போனில் சொல்வது. பதினாலு வருஷ டிரைவரைவிட இதற்குத் தகுந்தவர் யார்?

மூன்று வண்டி வைத்திருப்பவர் கூடுதல் பணியிடம் எப்படி உருவாக்குவார் என்பது நியாயமான எதிர்க்கேள்வி. அதற்கு எண்ணிக்கை வரம்பு வைக்கலாம். அமெரிக்காவின் 1990ஆம் ஆண்டுச் சட்டம் பதினைந்து பேருக்குக் குறையாமல் வைத்திருக்கும் தனியாரையும் கட்டுப்படுத்துகிறது, காலியிடம் இருந்தால் மாற்றிக் கொடுக்கச் சொல்கிறது. பிரிட்டனில் 2004இல் ஒரு வழக்கு: ஸ்காட்லாந்தில் ஃபைஃப் கவுன்சிலில் தெரு கூட்டிக்கொண்டிருந்த பெண்ணுக்கு, ஓர் அறுவை சிகிச்சைக்குப் பிறகு நடக்க முடியாமல் போனது. உட்கார்ந்து பார்க்கும் வேலைகளுக்கு நூறு தடவைக்குமேல் விண்ணப்பித்தார், நேர்காணலில் தோற்றுக்கொண்டே இருந்தார். போட்டி நேர்காணலே இல்லாமல் அவரை அந்த வேலைக்கு மாற்றுவதும் முதலாளியின் கடமைக்குள் வரலாம் என்றார்கள் பிரபுக்கள் சபை நீதிபதிகள். அங்கே அந்தக் கடமை தனியாருக்கும் பொதுவானது.

தூரமாகப் போக வேண்டாம். எங்கள் பக்கத்து நெசவு வீடுகளைப் பாருங்கள். கண் மங்கியவர் கோர்வை பிடிக்க மாட்டார், கால் தளர்ந்தவர் தறிக்குழியில் இறங்க மாட்டார். அதற்காக அவரை யாரும் தறி வீட்டைவிட்டு அனுப்புவதில்லை. தார் சுற்றுவார், பாவுக்கு ஒரு கை கொடுப்பார், சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவார். இதை ரொம்பப் புகழவும் கூடாது. தார் சுற்றுகிறவருக்குத் தறி நெய்கிறவர் கூலி கிடையாது. வீட்டுக்குள் நடக்கும் பதவி இறக்கம்தான் அதுவும். சட்டம் கேட்பது அதைவிடக் கூடுதல்: அதே சம்பளம். ஆனால் ‘இவரால் வேறு என்ன முடியும்?’ என்ற கேள்வியை நெசவு வீடு கேட்கிறது. முப்பது பஸ் வைத்திருந்த கான்ட்ராக்டர் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று நாடாளுமன்றமும் அவரிடம் தெளிவாகச் சொல்லவில்லை.

மாமாவுக்குச் சொன்னது

போன ஞாயிறு நேரில் போய்த்தான் சொன்னேன். “மாமா, நீங்க அரசு பஸ் ஓட்டியிருந்தா பொருந்தும். இல்லன்னா சங்கம் இருந்து, எழுதி வாங்கியிருந்தா பொருந்தும்.”

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், “அப்ப அந்தப் பையன் ஜெயிச்சது கண்ணால இல்ல, சங்கத்தால” என்றார். நான் மூன்று வாரம் படித்து எழுதிய விமர்சனத்தை அவர் ஒரே வரியில் முடித்துவிட்டார்.

பேட்டா வந்த வங்கிக் கணக்கு விவரம், டிரிப் ஷீட் நகல்கள், பழைய அடையாள அட்டை எல்லாவற்றையும் எடுத்துவைக்கச் சொல்லியிருக்கிறேன். பணிக்கொடையாவது கேட்டுத் தொழிலாளர் துறைக்கு ஒரு மனு போட வேண்டும். ஐந்து வருஷம் தாண்டினாலே அது உரிமை, முப்பதாயிரத்தோடு தீராது. 3ஆம் பிரிவை வைத்து மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்கும் ஒரு மனு எழுதலாம் என்று இருக்கிறேன். ஜெயிக்குமா தெரியவில்லை. மனுவில் ஒரு வரியைத் தனியாக எழுதச் சொன்னார் மாமா: நான் பஸ் கேட்கவில்லை, அந்தப் பேனாவைத்தான் கேட்கிறேன்.

கிளம்பும்போது, இன்றைக்கு ஸ்டாஃப் பஸ் ஓட்டுகிற அவருடைய பழைய நண்பர்கள் இரண்டு பேர் திண்ணைக்கு வந்திருந்தார்கள். ஒருவருக்கு நாற்பத்தெட்டு வயது, சர்க்கரை உண்டு. அவரும் அதே கேள்வியைத்தான் என்னிடம் கேட்டார்.